உளுந்து, மாடு, மகன்: மூன்று வைரஸுக்கும் ஏன் மருந்து இல்லை?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஐப்பசி மழை விட்டதும் பள்ளிக்குப் போகும் மகனுக்கு டெங்கு வந்தது. மார்கழியில் கறவை மாட்டின் உடம்பெங்கும் கட்டிகள் எழும்பின. சம்பா அறுவடைக்கு முன் வயலில் தெளித்த உளுந்து இப்போது மாசியில் மஞ்சள் தேமல் கண்டு நிற்கிறது. மருத்துவர், கால்நடை மருத்துவர், வேளாண்மை அலுவலர் ஆகிய மூவரும் தனித்தனியே சொன்னது ஒன்றுதான்: “இது வைரஸ், இதற்கு மருந்து கிடையாது.” புண் சீழ் வைத்தால் ஆற்றுவதற்கு மாத்திரை இருக்கும்போது வைரஸுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்கிறார்.

மூவர் சொன்னதிலும் பிழை இல்லை. ஆனால் மூன்று இடத்திலும் மருந்து இல்லாமல் போனதற்கான காரணம் வேறு வேறு. உளுந்தைத் தாக்கும் வைரஸிடம் மருந்து குறிவைப்பதற்கு ஏறக்குறைய எதுவுமே இல்லை. மாட்டைத் தாக்கும் வைரஸிடம் குறிகள் நிறைய உண்டு, எனினும் அந்த வழியை நாடும் தேவை எழவில்லை. டெங்கு வைரஸிடமும் நல்ல குறிகள் இருக்கின்றன, ஆனால் மருந்து வேலை செய்வதற்கான அவகாசத்தை அந்த நோய் தருவதில்லை. இது விளங்க வேண்டுமானால், ஒரு செல்லுக்குள் நுழைந்த வைரஸ் எந்தெந்த வேலையைத் தன் கையால் செய்கிறது, எதை அந்தச் செல்லைக்கொண்டு செய்வித்துக்கொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

வைரஸின் உடைமை மிகக் கொஞ்சம். மரபுச் செய்தி எழுதப்பட்ட டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இழை, அதைப் பொதிந்திருக்கும் புரத உறை, சிலவற்றுக்கு அதன்மேல் ஒரு கொழுப்புச் சவ்வு, அவ்வளவே. டெங்கு வைரஸின் விட்டம் ஏறத்தாழ 50 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 20,000 வைரஸ்களை வரிசையாக வைக்கலாம். அது உண்பதில்லை, வளர்வதில்லை, தானாகப் பிளந்து இரண்டாவதும் இல்லை. புரதம் கட்டும் ரைபோசோம் அதனிடம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம், ஊரில் உள்ள அரைவை ஆலையைப் போன்றது. கொட்டப்பட்டது யாருடைய நெல் என்று ஆலை கேட்பதில்லை. தன் முன் வரும் செய்தி செல்லுடையதா, வந்தேறியுடையதா என்று பாராமல், எழுதியிருக்கும் புரதத்தை அது கட்டித் தந்துவிடுகிறது. வைரஸின் பிழைப்பு முழுவதும் இந்த ஒன்றை நம்பியே நடக்கிறது.

சீழ்ப்புண்ணுக்கு மாத்திரை இருப்பதன் காரணமும் இதிலிருந்தே புரியும். பாக்டீரியா ஒரு முழுமையான உயிர். அதற்கெனச் செல்சுவர் உண்டு. பெனிசிலின் அந்தச் சுவர் எழும்புவதைத் தடுக்கிறது. அதற்கென ரைபோசோம் உண்டு. அது நம்முடையதிலிருந்து அமைப்பில் வேறுபடுவதால், அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் நம்முடையதை விட்டு அதைப் பிடிக்கின்றன. வைரஸுக்குச் சுவரும் இல்லை, சொந்த ரைபோசோமும் இல்லை. காய்ச்சல் கண்ட மறுநாளே மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அசித்ரோமைசினுக்கு வைரஸ் காய்ச்சலில் ஒரு வேலையும் கிடையாது. நான்காம் நாள் காய்ச்சல் தானாக இறங்கும்போது பெயர் மட்டும் அந்த மாத்திரைக்குப் போய்ச் சேருகிறது.

ஆகவே வைரஸுக்கு மருந்து தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது, வைரஸ் தன்னுடன் கொண்டுவரும் சொந்தக் கருவி எது என்பதுதான். செல்லின் கருவியை அடித்தால் நோயாளியை அடித்ததாகும்.

உளுந்திலிருந்து தொடங்குகிறேன். தென்னிந்தியாவில் மஞ்சள் தேமலை உண்டாக்குவது ஜெமினிவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் துகள்கள் இரட்டையாக ஒட்டிப் பிறந்த வடிவில் இருக்கும். அதன் மரபுச் செய்தி இரண்டு வட்டமான டி.என்.ஏ. துண்டுகளில் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2,700 எழுத்துகள். ஒரு துண்டு பெருகுவதற்கும் உறை செய்வதற்கும், மற்றொன்று செடிக்குள் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு நகர்வதற்கும் உரியது. இரண்டும் போய்ச் சேர்ந்தால்தான் நோய் முழுதாக வெளிப்படும். இவ்வளவு சிறிய செய்தியில், டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதியை எழுதி வைக்க இடமில்லை. எனவே அது செடியின் செல் உட்கருவுக்குள் புகுந்து, செடியின் சொந்த நகலெடுப்பு நொதியையே பயன்படுத்துகிறது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. விரிந்து முதிர்ந்த இலையின் செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டவை. டி.என்.ஏ.வை நகலெடுக்கும் கருவிகள் அவற்றில் ஓய்ந்து கிடக்கும். வைரஸ் தன் பங்குக்குக் கொண்டுவரும் முக்கியமான புரதம் ஒன்று, செல் பிரிவதைத் தடுத்து வைத்திருக்கும் செடிப் புரதத்தைப் பற்றிப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. பிரியப் போவதாக எண்ணி நகலெடுக்கும் கருவிகளைத் திரட்டும் செல், அவற்றைக்கொண்டு வைரஸின் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி நகலெடுக்கிறது. உறங்குகிற செல்லை எழுப்பி வேலை வாங்கும் இந்த வித்தையை, சிலவகை மனிதப் பாப்பிலோமா வைரஸ்களும் ஏறக்குறைய இதே புரதத்தின் உறவைப் பிடித்தே செய்கின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோய் அவ்வழியில் வருவதுதான்.

செடி சும்மா இருப்பதில்லை. தன்னுள் தோன்றும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள சிறு துண்டுகளாக நறுக்கி, அத்துண்டுகளையே அடையாளமாக வைத்து, அதே செய்தி மீண்டும் எங்கு தலைகாட்டினாலும் அதை அழித்துவிடும் ஏற்பாடு அதற்கு உண்டு. வைரஸ் அந்த ஏற்பாட்டை முடக்கும் புரதங்களை எழுதி வைத்திருக்கிறது. இலையில் நீங்கள் காணும் மஞ்சளும் பச்சையும் கலந்த திட்டுகளில், சில இடங்களில் செடியின் கையும் சில இடங்களில் வைரஸின் கையும் ஓங்கியிருக்கிறது. பூஞ்சைக்கொல்லியை எத்தனை முறை தெளித்தாலும் இந்தப் போராட்டத்தில் அது எந்தப் பக்கமும் சேராது. செடியின் நகலெடுப்பு நொதியை நிறுத்தும் மருந்தைத் தெளித்தால் செடியே நின்றுவிடும். ஏக்கருக்கு லட்சக்கணக்கில் நிற்கும் செடிகளில் ஒவ்வொரு செல்லுக்கும் மருந்து போய்ச் சேர வேண்டும், அதன் மிச்சம் பருப்பில் இருக்கக் கூடாது, விலையும் உளுந்து தரும் வருமானத்துக்குள் அடங்க வேண்டும் என்னும் நிபந்தனைகள் வேறு.

நெல்லில் வரும் துங்ரோ இதைவிட விநோதமானது. அதில் இரண்டு வைரஸ்கள் கூட்டுச் சேர்கின்றன. உருண்டை வடிவ ஆர்.என்.ஏ. வைரஸ், பச்சைத் தத்துப்பூச்சியின் வாயில் ஒட்டிச் செல்லத் தெரிந்தது. ஆனால் பயிருக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. கோல் வடிவ டி.என்.ஏ. வைரஸ்தான் பயிரைக் குட்டையாக்கி இலையை ஆரஞ்சு மஞ்சளாக்குவது. அதற்கோ தத்துப்பூச்சியில் தனியாக ஏறிப் போகத் தெரியாது. இந்தக் கோல் வைரஸ் தன் டி.என்.ஏ.வை ஆர்.என்.ஏ.வாக எழுதி, அதை மறுபடி டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதிப் பெருகுகிறது. மனிதரில் கல்லீரலைத் தாக்கிக் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் பெருகுவதும் இதே முறையில்தான். திருப்பி எழுதும் நொதி வைரஸின் சொந்தக் கருவி என்பதால் ஹெபடைடிஸ் பி-க்கு டெனோஃபோவிர் என்னும் நல்ல மருந்து இருக்கிறது. நெல்லுக்கு அதைக் கொண்டுபோவதை யாரும் நினைப்பதில்லை, காரணம் மேலே சொன்ன நிபந்தனைகளே.

ஹெபடைடிஸ் பி என்றதும் கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அந்த வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, சென்னை ஆய்வாளர்கள் 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வைரஸை நெடுநாளாகச் சுமப்பவர்களுள் கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது என்றும், வெற்றுப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது என்றும் அது கூறியது. உலகம் முழுவதும் அதைப் பரபரப்பாகப் படித்தார்கள். பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்த அளவிலான பலன் கிடைக்கவில்லை. நம் ஊர்களில் கீழாநெல்லிக்கு இருக்கும் பெயர் பெரும்பாலும் வேறு காமாலையால் வந்தது. கெட்ட தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலை, மருந்து உண்டாலும் உண்ணாவிட்டாலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். ஆயினும் கருவுற்ற பெண்ணுக்கு ஈ வகை உயிராபத்தாக முடியலாம் என்பதால், அவர்களை நாட்டு மருந்தோடு வீட்டில் நிறுத்தி வைக்கக் கூடாது.

இனி மாடு. தோல் கட்டி நோயின் வைரஸ் அம்மைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் அது முதலில் 2019-ல் ஒடிசாவில் பதிவானது. உளுந்து வைரஸின் இரு துண்டும் சேர்ந்து 5,400 எழுத்து என்றால், இதன் டி.என்.ஏ. ஏறத்தாழ 1,50,000 எழுத்து. அத்தனை பெரிய செய்தியோடு வருவதால், நகலெடுக்கும் நொதி உட்படப் பல கருவிகளை அது தானே கொண்டுவருகிறது. செல்லின் உட்கருவை நாடாமல் வெளியே சைட்டோபிளாசத்திலேயே பட்டறை போட்டுப் பெருகுகிறது. மருந்துக்கான குறிகள் இங்கே தாராளம். அதே குடும்பத்துப் பெரியம்மை வைரஸுக்கென டெகோவிரிமாட் என்னும் மருந்து அமெரிக்காவில் 2018-ல் ஒப்புதல் பெற்றிருக்கிறது. மாட்டுக்கு அந்த வழியில் யாரும் போகாததற்குக் காரணம், ஆட்டம்மைத் தடுப்பூசியே மாட்டையும் காக்கிறது என்பதுதான். இரண்டு வைரஸ்களும் அவ்வளவு நெருங்கிய உறவு. கட்டி உடைந்து புண்ணான மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தால், அது புண்ணில் புகும் பாக்டீரியாவுக்காகப் போட்டது; அது சரியான செயலே. வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்து உருட்டிக் கொடுப்பதும், வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சிப் புண்ணில் பூசுவதும் பல கிராமங்களில் நடக்கின்றன. ஈ மொய்க்காமல் புண் ஆறுவதற்கு இது உதவும் என்பது என் கருத்து. வைரஸ் பெருகுவதை நிறுத்தும் என்று சொல்லமாட்டேன்.

கோமாரியிலும் தடுப்பூசியே வழி. ஆனால் அது ஆர்.என்.ஏ. வைரஸ், வகைகள் பல. எனவேதான் ஓ, ஏ, ஆசியா-1 ஆகிய மூன்று வகைகளையும் சேர்த்த ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள்.

தடுப்பூசி பலிப்பதற்கு, உடல் ஒருமுறை கண்ட பகையை நினைவில் வைத்து எதிர்ப்புரதம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். மாட்டுக்கும் மனிதருக்கும் அது தெரியும், செடிக்குத் தெரியாது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து இறால் குட்டைகளைக் காலி செய்யும் வெள்ளைப்புள்ளி நோயும் வைரஸால் வருவதே. இறாலுக்கும் எதிர்ப்புரதம் செய்யும் ஏற்பாடு இல்லை. இறால் வளர்ப்போர் நோயில்லாத தாய் இறாலின் குஞ்சையும் பி.சி.ஆர். பரிசோதனையையும் நம்பியிருப்பது அதனால்தான்.

மகனுக்கு வந்த டெங்குவை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அங்கேதான் “மருந்து இல்லை” என்பது மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. டெங்கு வைரஸின் ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 10,700 எழுத்து. கொசு கடித்த இடத்துத் தோலில் காவல் நிற்கும் நோயெதிர்ப்புச் செல்களையே அது முதலில் பிடிக்கிறது. செல்லின் சிறு பை ஒன்றுக்குள் விழுங்கப்பட்டு, பைக்குள் அமிலம் ஏறியதும் தன் சவ்வைப் பையின் சவ்வோடு இணைத்து ஆர்.என்.ஏ.வை வெளியே விடுகிறது. ரைபோசோம் அதை ஒரே நீண்ட புரதமாகக் கட்டித் தர, அது நறுக்கப்பட்டு 10 புரதங்கள் ஆகின்றன. அவற்றுள் ஒன்று நறுக்கும் நொதி, மற்றொன்று ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதி. பின்னது போன்ற நொதி மனிதச் செல்லில் இல்லை என்பதால், மருந்துக்கு இதைவிட நல்ல குறி அமையாது. காய்ச்சலின் தொடக்கத்தில் இரத்தத்தில் தேடப்படும் என்.எஸ்.1 என்பதும் அந்தப் பத்தில் ஒன்றுதான்.

இவ்வளவு இருந்தும் மருந்து ஏன் கைக்கு வரவில்லை? காய்ச்சல் தொடங்கும்போதே இரத்தத்தில் வைரஸ் உச்சத்தை எட்டியிருக்கும். நான்கைந்து நாளில் உடலே அதை இறக்கிவிடும். ஆபத்து வருவது அதன் பிறகு. காய்ச்சல் விடும் தறுவாயில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறிவிடுகிறது. அந்தக் கசிவை உண்டாக்குவதில் வைரஸைக் காட்டிலும் அதை எதிர்க்கக் கிளம்பிய உடலின் கொந்தளிப்புக்கே பெரும் பங்கு. டெங்குவில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனபின் வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்புரதம் புதிய வைரஸைச் செயலிழக்கச் செய்யாமல் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு, நோயெதிர்ப்புச் செல்லுக்குள் அது எளிதாக நுழைய வழி செய்துவிடலாம். இரண்டாம் முறை டெங்கு கடுமையாவது இதனால்தான். முதலில் வந்த தடுப்பூசி, அதற்கு முன் டெங்குவே காணாத குழந்தைகளுக்கு ஆபத்தைக் கூட்டியதும் இதே காரணத்தால்.

டெங்குவின் குடும்பத்திலேயே ஹெபடைடிஸ் சி வைரஸும் இருக்கிறது. அதன் ஆர்.என்.ஏ. எழுதும் நொதியை அடைக்கும் சோஃபோஸ்புவிர், இன்னொரு மருந்தோடு சேர்ந்து, 12 வாரத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோயை அடியோடு நீக்குகிறது. ஒரே குடும்பம், ஒரேவகைக் குறி. ஆனால் ஹெபடைடிஸ் சி ஆண்டுக்கணக்கில் கல்லீரலில் தங்குவது. மருந்துக்கு மூன்று மாத அவகாசம் தருகிறது. டெங்கு ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது.

எனவே டெங்குவில் சிகிச்சை என்பது அந்த ஒரு வாரத்தைக் கடத்துவதே. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபன் ஆகாது, அவை இரத்தக்கசிவைக் கூட்டும். நீராகாரம் இடைவிடாமல் உள்ளே போக வேண்டும். காய்ச்சல் இறங்கியதைக் கண்டு பையன் தேறிவிட்டான் என்று நினைக்கும் அந்த இரண்டு நாளில்தான் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அசதி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றைக் கவனித்து, ஒன்று கண்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சரியான அளவில் ஏற்றப்படும் உப்புநீர் அங்கே உயிரைக் காக்கிறது. பப்பாளி இலைச் சாறு தட்டணுவை ஏற்றுகிறதா என்ற வாதத்தில் எனக்கு அதிக அக்கறை இல்லை. தட்டணு எண்ணிக்கையைவிட நீர்க்கசிவே ஆளைக் கொல்வது. எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு கசிவைத் தவறவிட்ட வீடுகள் உண்டு.

டெங்குவைச் சுமக்கும் ஏடிஸ் கொசு வயல் நீரில் பிறப்பதில்லை. அங்கே பெரும்பாலும் பெருகுவது மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ். ஏடிஸ் வீட்டைச் சுற்றியே வாழ்கிறது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கும் கடைமடை ஊர்களுக்கு, வாரம் ஒருமுறை அவற்றைத் தேய்த்துக் கழுவி மூடுவதைவிட நல்ல டெங்கு மருந்து இன்று இல்லை.

சொந்தக் கருவியும் அவகாசமும் ஒருசேர வாய்த்த இடங்களில் வைரஸுக்கு மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. சின்னம்மை வந்து போனபின் அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் பதுங்கியிருந்து, முதுமையிலோ உடல் தளர்ந்தபோதோ அக்கியாக எழும். நம் ஊர்களில் இன்னும் செங்காவியைக் குழைத்து அக்கி எழுதுகிறார்கள். கொப்புளம் இரண்டு மூன்று வாரத்தில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் காய்ந்துவிடும். கெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக்குழு உருவாக்கிய அசைக்ளோவிர் இங்கே செய்யும் வேலை அழகானது. அந்த மருந்து, வைரஸின் சொந்த நொதி ஒன்று தொட்டால்தான் விழித்துக்கொள்ளும். ஆகவே வைரஸ் இருக்கும் செல்லில் மட்டுமே வேலை செய்கிறது. எலியன் 1988-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் கொப்புளம் எழுந்த 72 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்க வேண்டும். எழுதிப் பார்ப்போம் என்று ஒரு வாரம் போக்குபவர்கள் அந்த வாய்ப்பை இழக்கிறார்கள், சிலருக்கு அக்கி ஆறிய பின்னும் நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கிறது.

எச்.ஐ.வி. இந்தியாவில் முதன்முதலில் 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டபோது அதற்கு மருந்தே இல்லை. இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரு மாத்திரையை நாள்தோறும் உண்பவர், வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தி முழு ஆயுளும் வாழலாம். மூன்றாகக் கொடுப்பதன் காரணம், ஆர்.என்.ஏ. வைரஸ் பெருகும்போது எழுத்துப்பிழை மலிவு என்பதும், ஒரு மருந்தைத் தப்பும் பிழை எளிதில் வந்துவிடும், மூன்றையும் ஒரே சமயத்தில் தப்பும் பிழை வருவது அரிது என்பதும்தான். முற்றிலும் குணமாவதில்லை, வைரஸின் செய்தி மனிதச் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே ஒட்டிக் கிடப்பதால் மாத்திரையை நிறுத்தினால் அது திரும்பிவிடும்.

இப்போது வயலில் நிற்கும் உளுந்துக்கு வருகிறேன். பூப்பதற்கு முன், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மஞ்சள் தெரிகிறது என்றால், அச்செடிகளைப் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். வெள்ளை ஈ அவற்றிலிருந்துதான் வைரஸை எடுத்துப் பல நாள் சுமந்து திரியும். காய் பிடித்த பின் வயல் முழுக்க மஞ்சளாகிவிட்டிருந்தால் பூச்சிமருந்துக்குச் செலவு செய்யாதீர்கள். ஈ சில நிமிடம் சாறு உறிஞ்சினாலே வைரஸ் செடிக்குள் போய்விடும், மருந்து பட்டு ஈ சாவது அதன் பிறகே. அடுத்த தை விதைப்புக்கு, புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் ஆராய்ச்சி மையம் தந்த வம்பன் 8 போன்ற தேமல் தாங்கும் ரகங்களில் நெல் தரிசுக்கு ஏற்றது எது என்று வேளாண்மை அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். விதையை நேர்த்தி செய்து, காலந்தாழ்த்தாமல் தெளியுங்கள். வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும். மஞ்சள் ஒட்டுப்பொறியை முளைத்த இரண்டாம் வாரத்திலேயே வைத்தால்தான் ஈ வந்துவிட்டதா என்பது தெரியும். கோடையில் பக்கத்து வயலில் பச்சைப்பயறு நின்றால் அதையும் ஒருமுறை போய்ப் பாருங்கள், இதே வைரஸ் அதிலும் வாழும்.